படம் எடுத்த ஊருக்குப் படம் திரும்ப வேண்டும்

கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858-இல் புதுக்கோட்டை நகரையும் திருமயம் கோட்டையையும் படம் பிடித்தார். சென்னை மாகாண அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக அமர்த்தியிருந்த காலம் அது. சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றியவர், நடுவே நம் மாவட்டத்துக்கும் வந்தார். அவர் கையாண்டது காகித நெகட்டிவ். அதில் வானம் வெறுமையாக வெளுத்துவிடும் என்பதால், நெகட்டிவின் மீதே தூரிகையால் மேகம் தீட்டுவார். இலைகள் மங்கினால் அவற்றையும் தொட்டுச் சரிசெய்வார். புதுக்கோட்டைப் படங்கள் அதே ஆண்டு தனித் தொகுப்பாகச் சென்னையில் வெளிவந்தன. அவருடைய இந்திய, பர்மியப் படங்களின் பெரிய கண்காட்சி 2014-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் தொடங்கி, 2015-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும், பிறகு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் போனது. பயணப் பட்டியலில் இருந்த நகரங்கள் அந்த மூன்றுதான்.

ஓர் ஊரில் எடுத்த படம் எங்கே மாட்டப்படுகிறது, யார் வந்து பார்க்கிறார்கள், எடுக்கப்பட்டவர்கள் எப்போதாவது அதைப் பார்க்கிறார்களா? புகைப்படக் கண்காட்சி என்ற முழு விஷயத்தையும் இந்தக் கேள்விகளை வைத்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மீமிசல் போன்ற ஊரில் இருந்து பார்த்தால் அவை இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன.

மீமிசல், புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டிய ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியாகத் தொண்டிக்குப் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கே கல்யாண மண்டபம் வாடகைக்குக் கிடைக்கும். படம் மாட்டுவதற்கென்று ஒரு சுவர் கிடையாது. அதே நேரம், படம் எடுக்க வருகிறவர்களுக்கு இந்தக் கரையில் குறைவே இல்லை. மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் ஒவ்வொரு முறையும் செய்திக் கேமராக்கள் கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் வருகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபின் முறிந்த தென்னைகளையும் உடைந்த படகுகளையும் எடுக்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். 2022-இல் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கட்டுமாவடி, மணமேல்குடிப் பக்கமுள்ள கடற்புல் படுகைகளைப் படம் பிடிக்க அதன்பின் ஆட்கள் வந்தார்கள். எடுத்த படங்கள் பத்திரிகைக்கும் கருத்தரங்குக்கும் நகரத்துக் கூடங்களுக்கும் போகின்றன. திரும்பி வருவது அபூர்வம். இந்தக் கட்டுரை அந்தத் திரும்புதலைப் பற்றியதுதான்.

தமிழ்நாட்டில் புகைப்படக் கண்காட்சிக்கு நீண்ட வயது. 1855-இல் சென்னையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் விளைபொருள், கைவினைப் பொருட்களுக்கு இடையே புகைப்படங்களும் இருந்தன. டிரைப் அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த ஹளேபீடு, பேளூர்ப் படங்கள் அங்கே பாராட்டுப் பெற்றன. அந்தப் பத்தாண்டிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. கலைப்பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னைச் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். ஐரோப்பாவில் கேமரா பரவத் தொடங்கி இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில் இங்கே படத்தை மாட்டி வைத்து நிறைகுறை பேசியிருக்கிறார்கள். பேசியவர்கள் வெள்ளை அதிகாரிகளும் அவர்களை அண்டிய சில சீமான்களும் மட்டுமே. டிரைப்பின் அரசுப் பணியும் நீடிக்கவில்லை. ஆளுநர் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி 1860-இல் அந்தப் பிரிவையே மூடினார். இதற்கு யார் பணம் கொடுப்பது என்ற தகராறு நம் ஊரில் கண்காட்சியோடு சேர்ந்தே பிறந்தது.

அடுத்த நூறாண்டை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். அந்தக் காலத்தில் கண்காட்சி என்றாலே பெரும்பாலும் சங்கங்கள் நடத்திய போட்டிதான். ஊர் ஊராகப் படங்களை அஞ்சலில் அனுப்பி, நடுவர்கள் மதிப்பெண் போட்டு, தேர்வானவற்றைச் சுவரில் மாட்டுவார்கள். அந்த முறை நல்ல கைத்திறனை வளர்த்தது. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் போன்ற காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள் அந்தப் பள்ளியில் உருவானவர்கள். ஆனால் கடற்கரையைப் பொறுத்தவரை அது ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வைத்துவிட்டது: விடியல் ஒளிக்கு எதிரே, கறுத்த உருவமாக, வலையை விரித்து வீசும் மீனவர். அழகான படம்தான், மறுக்கவில்லை. அதில் அந்த மனிதரின் முகம் தெரியாது. வலையின் கண்ணி அளவு தெரியாது. அன்றைக்கு என்ன பட்டது என்பதும் தெரியாது. மீன் ஏலக்கூடத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம் அந்தப் படத்தைக் காட்டினால், இது யார் என்றுதான் முதலில் கேட்பார். படம் அதற்குப் பதில் சொல்லாது.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-இல் அதே தேதியில்தான் டாகெரின் புகைப்பட முறையைப் பிரெஞ்சு அரசு உலகுக்கு வெளியிட்டது. நம் மாவட்டங்களில் ஒளிப்பதிவாளர் சங்கங்கள் அன்றைக்குக் கொடி ஏற்றி, இரத்ததான முகாம் நடத்தி, சில ஊர்களில் படங்களையும் மாட்டுகின்றன. சிறு நகரங்களில் புகைப்படத்துக்கென்று ஒரு பொதுநிகழ்ச்சியை விடாமல் நடத்திவருகிறவர்கள் அவர்கள்தான் என்பதால் இதைக் குறைத்துப் பேச மாட்டேன். கல்யாண வீடும் காதுகுத்தும்தான் அவர்களுக்குச் சோறு. அவர்களுடைய கணினிகளில் ஒரு வட்டாரத்தின் இருபது முப்பது ஆண்டு வாழ்க்கை கிடக்கிறது. கண்காட்சி நாளில் அவர்கள் மாட்டுவது மட்டும் ஊட்டியும் மயிலும்.

சென்னையில் நிலைமை மாறத் தொடங்கியது 2016-இல், சென்னைப் புகைப்பட ஈராண்டு விழா தொடங்கியபோது. சென்னை போட்டோ பியனாலே என்ற பெயரில் ஜெர்மானியப் பண்பாட்டு அமைப்பான கேத்தே நிறுவனத்தின் துணையோடு நடந்த முதல் விழாவிலேயே பூங்கா, ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் படங்களை வைத்தார்கள். 2019-இல் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பேற்றுத் தொகுத்த இரண்டாவது விழா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகைவரை போனது. மூன்றாவது 2021 டிசம்பரிலும் நான்காவது 2024 டிசம்பரிலும் தொடங்கின. படங்களை மாட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. உரைகள், பயிற்சிப் பட்டறைகள், இளையவர்களின் தொகுப்பைப் பார்த்து மூத்தவர்கள் கருத்துச் சொல்லும் அமர்வுகள், பள்ளி மாணவர்களுக்கான திட்டங்கள் என்று பலவற்றைக் கண்காட்சியைச் சுற்றிக் கட்டினார்கள். கண்காட்சி முடிந்தபின் ஊரில் நிலைப்பது இந்தச் சுற்று நிகழ்ச்சிகள்தான் என்பது என் மதிப்பீடு. சுவரில் இருப்பதை இறக்கிவிடலாம். கேமரா பிடிக்கக் கற்ற பையனிடமிருந்து அதை எடுக்க முடியாது. இருந்தாலும், அந்த விழாவுக்கு மீமிசலிலிருந்து ஒருவர் போய்வர ஓர் இரவுப் பயணம், பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி மூன்றும் வேண்டும். சென்னைப் பொது இடம் நமக்குப் பொது இடம் ஆகாது.

வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர்களில் நான் முதலில் சொல்ல விரும்புவது பத்திரிகையாளர் பி. சாய்நாத்தை. 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் கிராமப் பெண்களின் உழைப்பை அவர் எடுத்த படங்கள் ஒரு பயணக் கண்காட்சி ஆயின. அதைக் கலைக்கூடத்துக்குள் அடைக்காமல் பேருந்து நிலையம், ரயில் நிலையம், ஆலை வாசல், விவசாயத் தொழிலாளர் மாநாடு என்று கொண்டுபோனார்கள். இந்தியாவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்கிறார்கள். எந்த நகரத்துக் கூடத்துக்கும் அப்படியொரு கூட்டம் எளிதில் வராது. நாற்று நடும் பெண் நாற்று நடும் பெண்ணின் படத்தின் முன் நிற்கும்போது விளக்க அட்டை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. குனிந்த முதுகு எத்தனை மணி நேரம் குனிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் 2014-இல் தொடங்கிய பாரி இணைய ஆவணக்களத்தில் பணிபுரியும் மதுரைக்காரர் எம். பழனிகுமார் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். மலக்குழியில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களை நெடுங்காலம் படமெடுத்தவர். ராமநாதபுரம் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்களையும் எடுத்தவர். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கும் பாரியும் இணைந்து வழங்கும் ஆவணப் புகைப்பட விருது, 2022-இல் முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. எனக்கு அவருடைய விருதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் நாகப்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும் அவர் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மீன் விற்கும் பெண் மீன் விற்கும் இடத்தை எடுக்கும்போது கேமரா நிற்கும் உயரமே மாறிவிடுகிறது. கூடையின் பின்னாலிருந்து உலகம் தெரிகிறது. நாகையில் முடிந்தது ஜெகதாப்பட்டினத்தில் முடியாதா?

அண்டை நாடுகளைப் பார்த்தாலும் இதே பாடம்தான். டாக்காவில் ஷாஹிதுல் ஆலமும் அவருடைய திரிக் நிறுவனத்தாரும் 2000-இல் தொடங்கிய சோபி மேளா விழாவில் ரிக்‌ஷா வண்டிகளில் படங்களை மாட்டித் தெருத்தெருவாக ஓட்டினார்கள். நேபாளத்தில் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தால் நொறுங்கிய பாட்டன் நகரத்தில், அதே ஆண்டு நவம்பரில் போட்டோ காத்மாண்டு என்ற விழாவைத் தெருக்களிலும் முற்றங்களிலும் நடத்திக் காட்டினார்கள். அவர்களே நடத்தும் நேபாளப் படநூலகம் வீடுவீடாகப் போய்க் குடும்பப் படங்களைத் திரட்டுகிறது. பெண்களின் பொதுவாழ்வைப் பற்றி 2018-இல் அவர்கள் வைத்த கண்காட்சி, பெரும்பாலும் அப்படித் திரட்டிய பழைய படங்களால் ஆனது. புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் ஒரு பெரிய கண்காட்சியை அமைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மீமிசலுக்கு இதுதான் மிகவும் பொருந்தும். காரணம் சொல்கிறேன். இந்தக் கரையில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னர் வளைகுடாவுக்கும் ஆள் போகாத தெரு இல்லை. போகும்முன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம். போனபின் அங்கிருந்து வீட்டுக்கு அனுப்ப, ஸ்டுடியோவில் நாற்காலியில் கைவைத்து நின்று ஒரு படம். இங்கிருந்து பிள்ளையைக் காட்டி ஒரு படம். பார்க்காத தகப்பனுக்குப் பிள்ளை வளர்ந்த கதையைச் சொன்னவை இந்தப் படங்கள். 2015-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இப்படிப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் படங்களையும் பொருட்களையும் தேடிச் சேகரித்துக் காட்சிக்கு வைக்கிறது. பயணத்தின் அந்த முனை சுவரேறிவிட்டது. இந்த முனை இன்னும் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது.

பெட்டிக்குள் இருப்பதும் நெடுநாள் இருக்காது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்ட உதவியோடு ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்கள் கண்டது பெரும்பாலும் இழப்பைத்தான். கண்ணாடி நெகட்டிவ்கள் கழுவப்பட்டு வெறும் கண்ணாடியாகப் போய்விட்டன. கடை கைமாறியபோது பெட்டி பெட்டியாகக் குப்பைக்குப் போயின. காரைக்குடி பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சட்டமிட்ட குடும்பப் படங்கள் விலைக்குக் கிடக்கின்றன. வாங்குகிறவருக்குச் சட்டம் வேண்டும், தேக்கு வேண்டும். உள்ளே இருப்பவர் யாரென்று கேட்பதில்லை. கடலோரத்தில் இன்னொரு பகைவன் ஈரக்காற்று. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும்.

சேகரித்துக் காப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் வளர்த்த ஞானாலயா, நூல்களுக்கு அதைச் செய்திருக்கிறது. படங்களுக்கு அப்படி ஒருவர் இந்தக் கரையில் இன்னும் எழவில்லை.

இடம் எது? மாவட்டத்தில் சுவரும் கூரையும் காவலும் ஒருங்கே இருக்கும் இடம், திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம். சமஸ்தான காலத்தில், 1910-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் எழும்பூருக்கு அடுத்தபடி பெரியதென்று பெயர் பெற்றது. டிரைப்பின் புதுக்கோட்டைப் படங்களுக்கு நல்ல அச்சுப்பிரதி வாங்கி அங்கே மாட்டுவது பெரிய செலவல்ல; அவற்றின் காப்புரிமைக் காலம் முடிந்து வெகுநாள் ஆயிற்று. புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் ஓர் அரங்கைப் படங்களுக்கு ஒதுக்கலாம். ஆனால் மீமிசலுக்கான கண்காட்சி மீமிசலில்தான் நடக்க வேண்டும். பள்ளிக்கூட வராந்தா, கிளை நூலகம், கல்யாண மண்டபம், பக்கத்து ஊர்களின் ஏலக்கூடம் இவற்றில் எதுவும் குறைந்த இடமல்ல. தயானிதா சிங், 2022-இல் ஹாசல்பிளாட் விருது பெற்றவர், மடித்து எடுத்துப்போகும் மரச்சட்டங்களையே தன் அருங்காட்சியகம் என்று அறிவித்து உலகம் முழுக்கக் காட்டுகிறார். நம்முடைய தச்சர்கள் அந்த வேலையைச் செய்யாதவர்கள் அல்லர்.

காலத்தைக் கடல்தான் முடிவுசெய்யும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆண்கள் வலை பழுதுபார்த்துக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் ஊரில் இருப்பார்கள். மே மாதத்து மாலை நேரத்தைவிடக் கூட்டம் வரும் வேளை இங்கே கிடையாது. ஜும்ஆ வேளையையும் நோன்புக் காலத்தையும் விட்டுவிட்டு, பெருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊரில் இருக்கும் வாரமாகப் பார்த்தால் இன்னும் நல்லது.

அச்சு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஃபிளெக்ஸ் மலிவு, மழை தாங்கும். ஆனால் அதன் பளபளப்பில் முகம் தெரியாது, எல்லாமே அரசியல் பேனர்போல ஆகிவிடும். பளபளப்பில்லாத மேட் தாளில் 12-க்கு 18 அங்குலம் அச்சிட்டு, சன்போர்டில் ஒட்டினால் அறந்தாங்கியிலேயே முடித்துவிடலாம். கடற்காற்றில் இரட்டைப்பக்க டேப் ஒரே இரவில் கழன்றுவிடும். நான்கு மூலையிலும் துளையிட்டு நைலான் கயிற்றில் கட்டுவதே உறுதி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே வரட்டும், பிள்ளைகளும் பார்க்க வேண்டும். படக்குறிப்பு தமிழில், மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கும் எழுத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம். படகைப் பார்த்ததும் இது யாருடையது, எந்த வருடம் வாங்கியது, எப்போது பறிபோனது என்று சொல்கிறவர்கள் வருவார்கள். அதை எழுதிக்கொள்ள ஓர் ஆள் இல்லாவிட்டால் கண்காட்சியின் பாதிப் பயன் காற்றோடு போகும்.

அனுமதி என்பது இங்கே சம்பிரதாயம் அல்ல. தன் வீட்டுப் பெண்களின் படம் பொதுச்சுவரில் வருவதை விரும்பாத குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய உண்டு. அந்த விருப்பத்தை மதித்தே ஆக வேண்டும், வாதாடிச் சம்மதிக்க வைக்கக் கூடாது. கடலில் மகனை இழந்த தாய் அழும் படம் டெல்லியில் விருது வாங்கலாம். அவர் தினமும் நடந்துபோகும் தெருவில் அதை மாட்டுவதற்கு முன் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. கலைக்கு இதனால் இழப்பு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஊரார் பார்க்க முடியாத அளவுக்கு ஒரு படம் அவர்களைப் புண்படுத்துமானால், அது வெளியூரில் மாட்டப்படுவதும் சரியா என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே, இந்தக் கரைக்கு வந்து படமெடுக்கும் செய்தியாளர்களிடமும் ஆய்வாளர்களிடமும் திரைப்படக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: எடுத்தவற்றில் பத்துப் படங்களையாவது அச்சிட்டு, குறிப்போடு, எடுத்த ஊரின் பள்ளிக்கோ நூலகத்துக்கோ அனுப்பிவையுங்கள். ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம்: பழைய நெகட்டிவ்களையும் ஹார்ட்டிஸ்க்குகளையும் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம்: இந்த வாரமே பெட்டியைத் திறந்து, பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.